இடுப்பு எலும்பு முறிவுக்குத் திருகா, ஆணியா, செயற்கை மூட்டா? ஒப்பீட்டு ஆய்வுகள் கூறுவது என்ன?

புது தில்லி: குளியலறையில் வழுக்கி விழும் முதியவர் எழுந்து நிற்க இயலாமல் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்படுகிறார். இடுப்பு எலும்பு முறிந்திருப்பதை எக்ஸ்ரே படம் காட்டுகிறது. அடுத்த சில மணி நேரத்துக்குள் குடும்பத்தினரிடம் செலவுப் பட்டியல் ஒன்று தரப்படுகிறது. அதில் டிஎச்எஸ், பிஎஃப்என், பைபோலார், டோட்டல் ஹிப் என்று பெயர்கள் வரிசையாக இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் விலை வேறு. ‘எது வேண்டும்?’ என்ற கேள்விக்கு, விலை உயர்ந்ததே நல்லதாக இருக்கும் என்ற எண்ணத்தில் கையெழுத்திடும் குடும்பங்கள் பல.

உடலுக்குள் பொருத்தப்படும் இந்த உலோக உள்வைப்புகள், அதாவது இம்பிளாண்டுகள், பல நாடுகளில் ஆயிரக்கணக்கான நோயாளிகளிடம் ஒன்றோடொன்று ஒப்பிட்டு ஆராயப்பட்டுள்ளன. எந்த உள்வைப்பு ஏற்றது என்பதை முதலில் தீர்மானிப்பது எலும்பு எந்த இடத்தில், எப்படி முறிந்துள்ளது என்பதே. விலையோ புதுமையோ அல்ல என்பது அந்த ஆய்வுகள் உணர்த்தும் செய்தியாகும். சில முறிவுகளில் எந்த உள்வைப்பைத் தேர்ந்தாலும் பெரிய வேறுபாடு இல்லை. வேறு சிலவற்றிலோ தவறான தேர்வு மீண்டும் ஓர் அறுவை சிகிச்சைக்கு இட்டுச் செல்லக்கூடும்.

முறிவது எந்த எலும்பு?

பேச்சு வழக்கில் இடுப்பு எலும்பு முறிவு என்று கூறப்பட்டாலும், உண்மையில் முறிவது தொடை எலும்பின் மேல்முனையாகும். பந்து போன்ற தலை, அதைத் தாங்கும் குறுகலான கழுத்து, கழுத்துக்குக் கீழே ‘ட்ரோகாண்டர்’ எனப்படும் புடைப்புப் பகுதி என அது மூன்று பாகங்களைக் கொண்டது. பந்து போன்ற தலை இடுப்பெலும்பில் உள்ள கிண்ணத்துக்குள் பொருந்தி மூட்டாக இயங்குகிறது.

வயது கூடும்போது எலும்பின் அடர்த்தி குறைவதால், நின்ற நிலையில் இருந்து விழுந்தாலே இப்பகுதி முறியக்கூடும். ஹரியாணா மாநிலம் ரோத்தக் மாவட்டத்தில் 2009-ஆம் ஆண்டின் தரவுகளைக் கொண்டு நடத்தப்பட்ட ஆய்வில், 50 வயதைக் கடந்த ஒரு லட்சம் பேரில் 129 பேருக்கு ஓராண்டில் இத்தகைய முறிவு ஏற்பட்டது தெரியவந்தது. ஆண்களில் இந்த எண்ணிக்கை 105 ஆகவும், பெண்களில் 159 ஆகவும் இருந்தது.

கழுத்துப் பகுதி முறிவுக்கும் ட்ரோகாண்டர் பகுதி முறிவுக்கும் இடையே உள்ள அடிப்படை வேறுபாடு ரத்த ஓட்டத்தில் உள்ளது. எலும்பின் தலைக்கு ரத்தம் கொண்டு செல்லும் நுண்குழாய்கள் கழுத்தை ஒட்டியே மேலேறுகின்றன. கழுத்து முறிந்து எலும்பு விலகினால் அக்குழாய்கள் அறுந்துவிடும் அபாயம் உண்டு. அவ்வாறு அறுந்தால் எலும்பு ஒட்டாமல் போகலாம். ஒட்டினாலும் தலைப்பகுதி உயிர்ப்பிழந்து நொறுங்கலாம். ட்ரோகாண்டர் பகுதிக்கு இச்சிக்கல் இல்லை. அங்கு ரத்த ஓட்டம் தாராளமாக இருப்பதால், எலும்பைச் சரியான நிலையில் நிறுத்தினால் அது பெரும்பாலும் ஒட்டிவிடும். எனவே கழுத்து முறிவில் ‘எலும்பைக் காப்பாற்றுவதா, மாற்றுவதா’ என்பதும், ட்ரோகாண்டர் முறிவில் ‘எதைக் கொண்டு பிடித்து நிறுத்துவது’ என்பதும் முதன்மையான கேள்விகளாகின்றன.

விலகாத கழுத்து முறிவு: திருகுகள் போதும்

கழுத்து முறிந்தும் எலும்பு அதிகம் விலகாதிருந்தால், திருகுகளைச் செலுத்தி அதனை அப்படியே நிறுத்தலாம். இதற்கு இரு வழிகள் உள்ளன. சிறிய துளைகள் வழியாக மூன்று மெல்லிய ‘கேன்சலஸ்’ திருகுகளைச் செலுத்துவது ஒன்று. பக்கவாட்டுத் தகடுடன் இணைந்த ஒரே தடித்த திருகைப் பயன்படுத்துவது மற்றொன்று. பின்னதே ‘டைனமிக் ஹிப் ஸ்க்ரூ’ அல்லது டிஎச்எஸ் எனப்படுகிறது.

இவ்விரண்டையும் ஒப்பிட்ட ‘ஃபெய்த்’ ஆய்வு 2017-இல் ‘தி லான்செட்’ இதழில் வெளியானது. இந்தியா உள்பட 8 நாடுகளில் 50 வயதைக் கடந்த 1,108 பேர் இதில் பங்கேற்றனர். இரண்டு ஆண்டுகளுக்குள் மறு அறுவை சிகிச்சை தேவைப்பட்டோர் தகடு-திருகு பிரிவில் 20 சதவீதமாகவும், மூன்று திருகுகள் பிரிவில் 22 சதவீதமாகவும் இருந்தனர். இது பொருட்படுத்தத்தக்க வேறுபாடு அல்ல. எனினும் புகைப்பிடிப்போர், கழுத்தின் அடிப்பகுதியில் முறிவு ஏற்பட்டோர் ஆகியோருக்குத் தகடு-திருகு கூடுதல் பயன் தரக்கூடும் என்பதற்கான அறிகுறிகள் தென்பட்டன. அதேவேளை, தலைப்பகுதி உயிர்ப்பிழக்கும் பாதிப்பு தகடு-திருகு பிரிவில் 9 சதவீதமாகவும் மற்றதில் 5 சதவீதமாகவும் பதிவானது.

எந்தத் திருகைத் தேர்ந்தாலும் ஏறத்தாழ ஐவரில் ஒருவர் மீண்டும் அறுவை அரங்குக்குச் செல்ல நேரிட்டது என்பதை இந்த ஆய்வில் குடும்பத்தினர் கவனிக்க வேண்டும். இந்த வாய்ப்பை மருத்துவர் முன்கூட்டியே விளக்கிவிட்டால் பின்னாளில் ஏமாற்றமும் சந்தேகமும் எழாது.

விலகிய கழுத்து முறிவு: பாதி மூட்டா, முழு மூட்டா?

முதியோருக்குக் கழுத்து முறிந்து எலும்பு விலகிவிட்டால், தலைப்பகுதியை அகற்றிச் செயற்கைத் தலையைப் பொருத்துவதே பொதுவான சிகிச்சை. இளவயதினருக்கு மட்டும் எலும்பை நேராக்கித் திருகிட்டுக் காப்பாற்றவே மருத்துவர்கள் முதலில் முயல்வர்.

பந்தை மட்டும் மாற்றுவது ‘ஹெமி’ அல்லது பாதி மூட்டு மாற்று. இந்தியாவில் பைபோலார் என்று பரவலாக அறியப்படுவது இதன் ஒரு வகையே. பந்துடன் கிண்ணத்தையும் மாற்றினால் அது ‘டோட்டல் ஹிப்’ எனப்படும் முழு மூட்டு மாற்று. இதற்கு அறுவை நேரமும் செலவும் கூடுதல்.

இவ்விரண்டையும் ஒப்பிட்ட ‘ஹெல்த்’ ஆய்வு 2019-இல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் வெளியிடப்பட்டது. 10 நாடுகளைச் சேர்ந்த 1,495 பேர் பங்கேற்றனர். விழுவதற்கு முன்பு பிறர் உதவியின்றி நடந்து வந்தவர்களே இதில் சேர்க்கப்பட்டனர். இரண்டு ஆண்டுகளுக்குள் மேலும் ஓர் இடுப்பு அறுவை சிகிச்சை தேவைப்பட்டோர் முழு மூட்டுப் பிரிவில் 7.9 சதவீதம், பாதி மூட்டுப் பிரிவில் 8.3 சதவீதம். செயற்கை மூட்டு நிலையிழத்தல் அல்லது நழுவுதல் முழு மூட்டில் 4.7 சதவீதமாகவும், பாதி மூட்டில் 2.4 சதவீதமாகவும் இருந்தது. நடமாட்டத்திலும் வலியிலும் முழு மூட்டு சற்று மேம்பட்ட பலனைத் தந்தபோதிலும், அந்த முன்னேற்றம் நோயாளியின் அன்றாட வாழ்வில் உணரத்தக்க அளவை எட்டவில்லை.

விழுவதற்கு முன் வெளியே நன்றாக நடமாடியவர், நினைவாற்றல் குன்றாதவர், அறுவை சிகிச்சையைத் தாங்கும் உடல்நிலை உள்ளவர், நீண்ட ஆயுளை எதிர்நோக்குபவர் ஆகியோருக்கு முழு மூட்டைப் பரிசீலிக்கலாம். வீட்டுக்குள் மட்டும் மெல்ல நடமாடி வந்த 85 வயது முதியவருக்குப் பாதி மூட்டே போதுமானதாக இருக்கும். அவருக்குக் குறைந்த செலவிலான சிகிச்சையைத் தேர்வது அவரைக் குறைவாக மதிப்பதாகாது.

சிமெண்ட் வைப்பது ஏன் முக்கியம்?

பாதி மூட்டா முழு மூட்டா என்பதைவிட அதிகம் பேசப்படாத, ஆனால் பலனைக் கூடுதலாகப் பாதிக்கும் கேள்வி ஒன்று உள்ளது. செயற்கைத் தலையைத் தாங்கும் உலோகத் தண்டை எலும்பு சிமெண்ட் கொண்டு பதிப்பதா, சிமெண்ட் இன்றி இறுக்கிப் பொருத்துவதா என்பதே அது.

பிரிட்டனில் 60 வயதைக் கடந்த 1,225 பேரிடம் நடத்தப்பட்ட ‘ஒயிட் 5’ ஆய்வு 2022-இல் வெளியானது. அறுவைக்குப் பின் நான்காவது மாதத்தில் வாழ்க்கைத் தரம் சிமெண்ட் வைத்த பிரிவினருக்கே மேலாக இருந்தது. உள்வைப்பைச் சுற்றி எலும்பு மீண்டும் முறிவது சிமெண்ட் பிரிவில் 0.5 சதவீதமாகவும், சிமெண்ட் இல்லாப் பிரிவில் 2.1 சதவீதமாகவும் பதிவானது. ஓராண்டுக்குள் உயிரிழந்தோர் முறையே 23.9 சதவீதமும் 27.8 சதவீதமும் ஆவர்.

சிமெண்ட் செலுத்தும்போது அரிதாக ரத்த அழுத்தம் திடீரெனச் சரியக்கூடும். இதய, நுரையீரல் நோயாளிகளிடம் மயக்க மருத்துவர் கூடுதல் கவனம் செலுத்த வேண்டியிருப்பது இதனால்தான். இருப்பினும் அமெரிக்க எலும்பியல் அறுவை சிகிச்சை மருத்துவர்கள் அகாதெமியின் 2021 வழிகாட்டுதலும், பிரிட்டனின் ‘நைஸ்’ அமைப்பின் வழிகாட்டுதலும் சிமெண்ட் வைப்பதையே பரிந்துரைக்கின்றன. 1950-களில் அறிமுகமான ஆஸ்டின் மூர், தாம்சன் வகைத் தண்டுகளுக்குப் பதிலாக, பலன் நிரூபிக்கப்பட்ட பிற்கால வடிவங்களைப் பயன்படுத்துமாறும் ‘நைஸ்’ கூறியுள்ளது.

ட்ரோகாண்டர் முறிவு: தகடா, ஆணியா?

ட்ரோகாண்டர் பகுதி முறிவில்தான் டிஎச்எஸ், பிஎஃப்என் இடையிலான விவாதம் எழுகிறது. டிஎச்எஸ் முறையில் எலும்பின் தலைக்குள் செல்லும் தடித்த திருகு, தொடை எலும்பின் வெளிப்புறத்தில் பொருத்தப்பட்ட தகட்டின் குழலுக்குள் வழுக்கி நகரும். நோயாளி காலூன்றும்போது உடல் எடையே முறிந்த பகுதிகளை ஒன்றோடொன்று நெருக்கி ஒட்டச் செய்கிறது.

பிஎஃப்என் முறையில் நீண்ட ஆணி ஒன்று தொடை எலும்பின் உட்குழிக்குள் இறக்கப்படுகிறது. அதன் வழியாகத் திருகோ சுருள் அலகோ எலும்பின் தலைக்குள் செலுத்தப்படுகிறது. உடல் எடை இறங்கும் கோட்டுக்கு அருகிலேயே ஆணி அமைவதால், நிலையற்ற முறிவுகளில் அது கூடுதல் பிடிமானம் தருகிறது. அறுவைக்கான வெட்டும் சிறியது. டிஎச்எஸ் பொதுவாக விலை குறைவு. ஆணி விலை கூடுதல்.

இந்த விலை வேறுபாட்டுக்கு ஏற்ற பலன் உண்டா? முறிவு நிலையானதாக இருந்தால் பெரும்பாலும் இல்லை என்பதே ஆய்வுகளின் விடை. 12 நாடுகளைச் சேர்ந்த 25 மருத்துவமனைகளில் 850 பேரிடம் நடத்தப்பட்டு 2022-இல் வெளியான ‘இன்சைட்’ ஆய்வில், ஓராண்டு முடிவில் இரு பிரிவினரின் வாழ்க்கைத் தரத்திலும் வேறுபாடு காணப்படவில்லை. அதே ஆண்டில் ‘காக்ரேன்’ அமைப்பு 76 ஆய்வுகளையும் சுமார் 11,000 நோயாளிகளையும் உள்ளடக்கிய தொகுப்பாய்வை வெளியிட்டது. நடமாட்டத்திலும் உயிரிழப்பிலும் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை என்று அது தெரிவித்தது. ஆணிப் பிரிவில் தொற்றும் எலும்பு ஒட்டாமையும் சற்றுக் குறைவாகவும், உள்வைப்பை ஒட்டி எலும்பு மீண்டும் முறிவது கூடுதலாகவும் இருந்தன.

ஆணியே தெளிவாக மேம்பட்டு நிற்கும் முறிவுகளும் உள்ளன. முறிவுக் கோடு வழக்கத்துக்கு மாறாக எதிர்த்திசையில் சாய்ந்திருந்தாலோ, முறிவு ட்ரோகாண்டருக்குக் கீழே இறங்கியிருந்தாலோ, டிஎச்எஸ் திருகின் வழுக்கும் இயக்கம் எலும்பை ஒட்டவிடாமல் மேலும் விலக்கிவிடும். வெளிப்புற எலும்புச் சுவர் மெலிந்திருந்தாலும் தகடு தோல்வியடையும் வாய்ப்பு அதிகம். நிலையற்ற ட்ரோகாண்டர் முறிவுகளுக்கும் எதிர்ச்சாய்வு முறிவுகளுக்கும் ஆணியையே அமெரிக்க அகாதெமியின் வழிகாட்டுதல் வலுவாகப் பரிந்துரைக்கிறது. இத்தகைய முறிவில் செலவைக் குறைக்கத் தகட்டைத் தேர்ந்தெடுத்தால் மறு அறுவைக்காக இருமடங்கு செலவிட நேரலாம்.

ஆணியிலும் சிக்கல்கள் இல்லாமல் இல்லை. 1980-களின் பிற்பகுதியில் அறிமுகமான முதல் தலைமுறை ‘காமா’ ஆணிகளில், ஆணியின் நுனிப்பகுதியில் தொடை எலும்பு முறிந்தது பெரும் குறையாக இருந்தது. வடிவமைப்பு மாற்றப்பட்ட பின்னர் அது குறைந்தது. இரு திருகுகள் கொண்ட பிஎஃப்என் வகையில் ஒரு திருகு உள்ளேயும் மற்றொன்று வெளியேயும் நகரும் ‘இசட் விளைவு’ அறியப்பட்ட சிக்கலாகும்.

25 மில்லிமீட்டர் கணக்கு

எந்த உள்வைப்பு என்பதற்கு இணையாக, அது எங்கே பொருத்தப்பட்டது என்பதும் பலனைத் தீர்மானிக்கிறது. எலும்பின் தலைக்குள் செல்லும் திருகின் நுனிக்கும் தலையின் உச்சிக்கும் இடையே உள்ள தூரத்தை முன்புற, பக்கவாட்டு எக்ஸ்ரே படங்கள் இரண்டிலும் அளந்து கூட்ட வேண்டும். அந்தக் கூட்டுத்தொகை 25 மில்லிமீட்டர் அல்லது அதற்குக் குறைவாக இருந்த 120 நோயாளிகளில் ஒருவருக்குக்கூடத் திருகு எலும்பைக் கிழித்து வெளியேறவில்லை என்று 1995-இல் வெளியான அமெரிக்க ஆய்வு தெரிவித்தது. அன்று முதல் இந்த அளவு உலகெங்கும் அறுவை அரங்குகளில் பின்பற்றப்படுகிறது.

அதாவது, சரியாகப் பொருத்தப்பட்ட விலை குறைந்த திருகு, தவறாகப் பொருத்தப்பட்ட விலை உயர்ந்த ஆணியைவிடப் பாதுகாப்பானது. அறுவை மருத்துவருக்கு எந்த முறையில் பழக்கம் அதிகம் என்பதும் இதனால் முக்கியமாகிறது.

காத்திருப்பதால் வரும் ஆபத்து

விலை உயர்ந்த உள்வைப்புக்குப் பணம் திரட்டவோ, வெளியூரில் இருந்து அதை வரவழைக்கவோ நாள்களைக் கடத்துவது நோயாளிக்குத் தீங்காகலாம். படுக்கையில் கழியும் ஒவ்வொரு நாளும் நிமோனியா, படுக்கைப் புண், கால் நரம்பில் ரத்த உறைவு, மனக்குழப்பம் ஆகியவற்றின் அபாயத்தைக் கூட்டுகிறது. 24 முதல் 48 மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை நடைபெற வேண்டும் என அமெரிக்க அகாதெமி கூறுகிறது. அனுமதிக்கப்பட்ட நாளிலோ மறுநாளிலோ செய்ய வேண்டும் என்பது ‘நைஸ்’ அமைப்பின் நிலைப்பாடு.

இந்தியா உள்பட 17 நாடுகளில் 2,970 பேரிடம் நடத்தப்பட்ட ‘ஹிப் அட்டாக்’ ஆய்வு 2020-இல் வெளியானது. முறிவு உறுதியானதில் இருந்து ஏறத்தாழ 6 மணி நேரத்தில் அறுவை செய்யப்பட்டோருக்கும், 24 மணி நேரத்தில் செய்யப்பட்டோருக்கும் உயிரிழப்பில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. ஆனால் விரைந்து அறுவை செய்யப்பட்டோருக்கு மனக்குழப்பமும் சிறுநீர்த் தொற்றும் குறைந்தன. அவர்கள் விரைவில் எழுந்து நின்றனர்.

விலையும் காப்பீடும்

2017 ஆகஸ்டில் மத்திய அரசு முழங்கால் மூட்டு உள்வைப்புகளுக்கு விலை உச்சவரம்பு நிர்ணயித்தது. இடுப்பு முறிவுக்கான உள்வைப்புகள் அந்த உத்தரவில் இடம்பெறவில்லை. எனினும் 2020 ஏப்ரல் 1 முதல் மருத்துவக் கருவிகள் அனைத்தும் சட்டப்படி மருந்துகளாகக் கருதப்படுவதால், அவற்றின் அதிகபட்ச சில்லறை விலையை ஓராண்டில் 10 சதவீதத்துக்கு மேல் உயர்த்த இயலாது.

ஆயுஷ்மான் பாரத் திட்டத்தின் கீழ் குடும்பத்துக்கு ஆண்டுக்கு ரூ.5 லட்சம் வரை சிகிச்சை வழங்கப்படுகிறது. 2024 அக்டோபர் 29 முதல் 70 வயதைக் கடந்த அனைவருக்கும் வருமான வரம்பின்றி இத்திட்டம் விரிவுபடுத்தப்பட்டது. இடுப்பு முறிவுக்கு ஆளாவோரில் பெரும் பகுதியினர் இந்த வயதினர் என்பதால், முன்பணம் செலுத்தும் முன் இத்திட்டத்தில் சேர்ந்துள்ள மருத்துவமனையா என்று விசாரிப்பது பயன்தரும்.

புதியது எல்லாம் சிறந்ததல்ல

உலோகத்தோடு உலோகம் உராயும் ‘ஏஎஸ்ஆர்’ வகைச் செயற்கை இடுப்பு மூட்டுகள் நவீன வடிவமாக விற்கப்பட்டு, 2010 ஆகஸ்டில் உலகெங்கும் திரும்பப் பெறப்பட்டன. அவை பெரும்பாலும் மூட்டுத் தேய்மானத்துக்காகப் பொருத்தப்பட்டவை என்றாலும், அந்த அனுபவம் அனைத்து உள்வைப்புகளுக்கும் பொருந்தும். இந்தியாவில் பாதிக்கப்பட்டோருக்கு ரூ.30 லட்சம் முதல் ரூ.1.23 கோடி வரை இழப்பீடு வழங்கும் முறையை மத்திய அரசு 2018-இல் ஏற்றது. ஆனால் அந்த மூட்டு யார் யாருக்குப் பொருத்தப்பட்டது என்பதைத் தேடிக் கண்டறிவதே பெரும்பாடாக இருந்தது.

உள்வைப்பின் உறையில் இருக்கும் ஸ்டிக்கரில் நிறுவனத்தின் பெயர், வகை, தொகுதி எண் ஆகியவை அச்சிடப்பட்டிருக்கும். அதன் ஒரு படியை டிஸ்சார்ஜ் அறிக்கையுடன் கேட்டுப் பெற்றுப் பாதுகாப்பது நோயாளியின் உரிமையையும் பாதுகாப்பையும் உறுதி செய்யும். கருவிகளால் ஏற்படும் பாதிப்புகளைத் தெரிவிக்க, காஜியாபாதில் உள்ள இந்திய மருந்தியல் ஆணையத்தில் 2015 முதல் தனிக் கண்காணிப்புத் திட்டம் செயல்பட்டு வருகிறது.

கையெழுத்திடும் முன் கேட்க வேண்டியவை

* முறிவு கழுத்திலா, ட்ரோகாண்டரிலா? எலும்பு விலகியுள்ளதா? முறிவு நிலையானதா?
* இந்த முறிவுக்கு இந்த உள்வைப்பு ஏன்? விலை குறைந்த மாற்று இருந்தால், அதனால் இழப்பது என்ன?
* செயற்கைத் தலை எனில், சிமெண்ட் வைக்கப்படுமா? இல்லையெனில் காரணம் என்ன?
* அறுவை சிகிச்சை எப்போது? தாமதம் எனில் எதனால்?
* மறுநாளே காலூன்றி நிற்க வைக்கப்படுவாரா?
* எலும்பு மெலிவுக்கான சிகிச்சை எப்போது தொடங்கும்?

கடைசிக் கேள்வியே பெரும்பாலும் மறக்கப்படுகிறது. இடுப்பு முறிவு அறுவைக்குப் பின் 90 நாள்களுக்குள் ஆண்டுக்கு ஒருமுறை செலுத்தப்படும் சோலெட்ரானிக் அமில மருந்தைப் பெற்றோரில் 8.6 சதவீதத்தினருக்கே மீண்டும் எலும்பு முறிவு ஏற்பட்டதாகவும், மருந்து பெறாதோரிடம் இது 13.9 சதவீதமாக இருந்ததாகவும் 2007-இல் வெளியான ஆய்வு தெரிவித்தது. 2,127 பேர் பங்கேற்ற அந்த ஆய்வில், மருந்து பெற்றோரிடையே உயிரிழப்பும் குறைந்தது.

உலோக உள்வைப்பு முறிந்த எலும்பை மட்டுமே தாங்கும். மறுபக்கத் தொடை எலும்பும் அதே அளவுக்கு மெலிந்திருக்கிறது என்பதையும், வழுக்கிய குளியலறைத் தரை இன்னும் மாற்றப்படவில்லை என்பதையும் வீடு திரும்பும் நாளில் குடும்பத்தினர் நினைவில் கொள்ள வேண்டும்.